இரட்டைக் குட்டி ஈனும் செம்மறி

கேள்வி: செம்மறி ஆடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடுகிறது. மரபியல் ஆராய்ச்சியால் இதை மாற்ற முடியுமா?

பதில்: முடியும். மகாராஷ்டிரத்தில் செய்தே காட்டியிருக்கிறார்கள். அங்குள்ள தக்காணி இனம் வறட்சியைத் தாங்கும். ஆனால் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் வளரும் கரோல் இனம் உருவில் சிறியது. ஆனால் இரண்டு, மூன்று குட்டிகள் போடும். காரணம், ஃபெக்-பி என்ற மரபணு மாற்றம். பருவத்துக்கு வரும்போது சினைப்பையிலிருந்து வெளியாகும் முட்டைகளின் எண்ணிக்கையை அது கூட்டுகிறது.

பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தா நிம்ப்கர் குழுவினர் கரோல் கிடாக்களைத் தக்காணியுடன் சேர்த்தனர். பிறந்தவற்றில் அந்த மரபணு மாற்றம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, தலைமுறைதோறும் பெரிய உடல்வாகு கொண்ட ஆடுகளுடன் மீண்டும் சேர்த்தனர். 2001-இல் இந்த மாற்றம் மரபணுவில் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தபின், ரத்தப் பரிசோதனையிலேயே கிடாவைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இப்படி உருவானதுதான் ‘நாரி சுவர்ணா’.

இந்த ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தோடு நிற்காமல் மேய்ப்பர்களின் மந்தைகளிலும் சோதிக்கப்பட்டது. அதுதான் இதன் பெருமை. ஒன்றை மறக்கக் கூடாது: இரட்டைக் குட்டிக்குத் தாயின் தீவனமும் அதிகரிக்க வேண்டும். மரபணு குட்டியைத் தரும். அதைப் பிழைக்க வைப்பது வளர்ப்பவரின் கவனிப்பே.