பழைய தண்டனைப் பதிவை நீக்க முடியுமா?

கேள்வி: கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் இருக்கிறேன். 2009-இல், என் 22 வயதில், மூடிக் கிடந்த சுரங்க வளாகத்தில் பழைய இரும்பு திருடியதாக என்மேல் வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லை. "ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்கள். ஒத்துக்கொண்டேன்; ஆறு மாதம் சிறை. அதன் பிறகு எந்த வழக்கும் இல்லை. இப்போது பெங்களூரில் ஒரு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு கேட்கிறார்கள். அந்தத் தண்டனையை ரெக்கார்டிலிருந்து எடுக்க மனு போடலாமா? பாஸ்போர்ட் கிடைக்குமா?

பதில்: இத்தனை வருடம் ஒழுங்காக வாழ்ந்ததைக் காட்டி, "என் தண்டனைப் பதிவை நீக்குங்கள்" என்று கேட்க நம் சட்டத்தில் வழியில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படி மனு போடலாம். இங்கே மேல் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தால்தான் தண்டனை இல்லாமல் போகும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, வக்கீல் இல்லாமல் ஒத்துக்கொண்டேன் என்பது. இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு என்று நீதிபதி உங்களிடம் சொன்னாரா? அதைச் சொல்லாமல் நடத்திய விசாரணையில் விதித்த தண்டனையை 1986-இல் சுக்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அதன் சட்டப்பூர்வத் தன்மையையும் பற்றி மட்டுமே அப்பீல் செய்யலாம் என்பதால், நீங்கள் சீராய்வு மனுதான் போட வேண்டியிருக்கும். அதற்கான கெடு 90 நாள். இத்தனை வருடத் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்க வலுவான காரணம் வேண்டும். கடினமான வழி, பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு இது தடையாகாது. ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்று, அந்தத் தீர்ப்பு வந்து ஐந்து வருடம் ஆகாதவருக்குத்தான் அந்தக் காரணத்தால் மறுக்கலாம். விண்ணப்பத்தில் கேட்கும் விவரத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

வேலைக்கும் அதுவே. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சிறிய குற்றமாக இருந்தால், நிலைமையைப் பார்த்து வேலை கொடுப்பவர் அதை மறைத்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் விடலாம். ஆனால் அதை நம்பாதீர்கள்; கேட்டும் மறைத்தால், வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கலாம்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்த ஊர் கோலார் தங்கவயல். இன்று 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைதானவரிடம் எடுக்கும் கைரேகையை 75 வருடம் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடுகள் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். தண்டனை பெற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் "ஒத்துக்கோ" என்று யார் சொன்னாலும் முதலில் வக்கீல் கேளுங்கள். தண்டனைதான் என்றால், 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி விடுவிக்கக் கேளுங்கள். தீர்ப்பு அழியாது, ஆனால் அதனால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு வராது.

நீங்கள் இந்த வாரமே உங்கள் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கும் வழக்குக் குறிப்புகளுக்கும் மனு போடுங்கள். பழைய கட்டுகளைக் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள். வக்கீல் இருந்தாரா என்பது அந்தக் குறிப்புகளில்தான் இருக்கும். கிடைத்ததும் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு எடுத்துப் போங்கள். பட்டியல் சாதியினர் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள்.