தொலைமருத்துவமும் கருவிப் பொறியியலாரும்

நோயாளி ஓரூரில் இருக்க, மருத்துவர் வேறோர் ஊரிலிருந்து நோயறிந்து மருந்து கூறுவது தொலைமருத்துவம் எனப்படும். மைசூரில் பயிலும் நமக்கு இது அயலான செய்தியன்று. 2002-ஆம் ஆண்டில் அண்டை மாவட்டமாகிய சாமராஜநகரின் அரசு மருத்துவமனை, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூர் நாராயண இருதயாலயத்துடன் இணைக்கப்பட்டது. மைசூர் மாவட்டத்துச் சரகூர் விவேகானந்தர் நினைவு மருத்துவமனையும் இத்திட்டத்தில் இடம் பெற்றது.

இதனைப் பேசுவோர் மருத்துவரையும் செயற்கைக்கோளையும் போற்றுவர். கருவிப் பொறியியலாரை மறந்துவிடுவர். மருத்துவர் தொலைவில் இருக்கும்போது பொறியியலாரின் பொறுப்பு பன்மடங்கு பெருகுகிறது என்பதே என் கருத்து.

காரணம் கூறுவேன். படுக்கையருகே நிற்கும் மருத்துவர் ஐயம் தோன்றினால் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். கம்பிகளைச் சரிசெய்து மீண்டும் பதிவு எடுப்பார். தொலைவில் இருப்பவருக்கோ திரையில் ஓடும் கோடு ஒன்றே சான்று. ஈ.சி.ஜி. பதிவில் ஒரு மில்லிவோல்ட் அழுத்தம் 10 மில்லிமீட்டர் உயரமாக அமைதல் வேண்டும். கருவி பாதியளவில் வைக்கப்பட்டிருப்பதை எவரும் கவனியாவிடின், 2 மில்லிமீட்டர் ஏற்றம் ஒன்றாகத் தோன்றும். மாரடைப்பின் அடையாளம் கண்ணுக்குத் தப்பிவிடலாம். வலக்கைக் கம்பியும் இடக்கைக் கம்பியும் இடம் மாறினால் முதற்கோடு தலைகீழாகும். 'எர்த்' இணைப்புப் பழுதுபட்டால், வினாடிக்கு 50 முறை அலையும் மின்சாரம் பதிவில் கலந்து நுண்ணிய அசைவுகளை மறைக்கும். 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் இப்பிழையைத் திருத்தாது. பிழையைப் பிழையாகவே கொண்டு சேர்க்கும்.

ஆகவே பொறியியலார் ஆற்ற வேண்டிய பணிகள் மூன்று. கருவியை நிறுவுமுன் மின்சாரத்தையும் 'எர்த்' இணைப்பையும் ஆராய்தல் ஒன்று. குறித்த காலந்தோறும் கருவியின் அளவைச் சரிபார்த்து நாளேட்டில் பதிதல் மற்றொன்று. கம்பி பொருத்தவும் பிழை காணவும் அங்குள்ள செவிலியர்க்குப் பயிற்சி அளித்தல் மூன்றாவது. மின்தடையும் வெப்பமும் தூசியும் மிகுந்து, மாற்று உறுப்புகள் எளிதிற் கிட்டாத நாடுகளில் இம்மூன்றாவதே தலையாயது. பொறியியலார் எல்லா ஊர்களிலும் எந்நேரமும் இருத்தல் இயலாதன்றோ!

2019-இல் தோன்றிய இ-சஞ்சீவனி இணையவழி மருத்துவத்தை நாடெங்கும் பரப்பியது. வழி மாறினும் அடிப்படை மாறவில்லை: தொடக்கத்தில் அளவு பிழைத்தால் முடிவில் தீர்ப்பும் பிழைக்கும். பொறியியல் பயிலும் நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அங்குள்ள மருத்துவமனைக் கருவி கடைசியாக என்று சரிபார்க்கப்பட்டது என வினவுங்கள். விடை சொல்வார் இல்லையெனில், உங்களுக்குரிய பணி அங்கே காத்திருக்கிறது.