ஒரே கறி, வேறு வேறு நாக்கு

"பாவக்கா கசக்குது, வேணாம்" என்று பிள்ளை தட்டைத் தள்ளினால், "எங்களுக்குக் கசக்கல்லியே!" என்று அதட்டுகிறோம். பிள்ளை சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

1931இல் அமெரிக்காவில் ஆர்தர் பாக்ஸ் என்ற இரசாயனவியலாளர் கையாண்ட பீ.டீ.சீ. என்ற தூள் காற்றில் பறந்தது. கூட வேலை செய்தவர் "கசக்கிறது" என்றார். பாக்ஸுக்கோ சுவையே தெரியவில்லை. இந்த வேறுபாடு பரம்பரையாக வருவது. அதற்கான மரபணு 2003இல் கண்டறியப்பட்டது.

நாக்குக்கு நாக்கு உள்ள வேறுபாட்டை வீட்டில் சீனியை வைத்தே பார்க்கலாம்:

1. ஒரு கோப்பை கொதித்தாறிய தண்ணீரில் 1 தேக்கரண்டி சீனி கரையுங்கள்.
2. அதில் பாதியை அடுத்த கோப்பையில் ஊற்றி, தண்ணீரால் நிரப்புங்கள். இப்படியே 5 கோப்பை வரை செய்யுங்கள்.
3. கடைசிக் கோப்பையிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரும் தமது கரண்டியால் சுவைக்கட்டும். இடையிடையே வாய் கொப்பளிக்க வேண்டும்.

இனிப்பு முதலில் தெரிகிற கோப்பையே அவரவர் அளவு. வீட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறலாம்.

கசப்பும் அப்படித்தான். அடிச்சு ஊட்டினா நாக்கு மாறாது. பாவக்காயை உப்புப் போட்டுப் பிழிந்து சமையுங்கள். கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள்.