கணினியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா



பதினொன்றாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கீதோ என்னும் பெனடிக்டின் துறவி, பாடகர்கள் தாம் கேட்டறியாத பாடலையும் ஏட்டைப் பார்த்தே பாட வேண்டுமென விரும்பினார். அதற்காகக் கோடுகளின் மீது சுரங்களை எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். இன்று நாம் பயிலும் ஐந்துகோட்டு இசைக்குறியீடு அதிலிருந்து வளர்ந்ததே. அதனைக் கணினியில் எழுதி, ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலியில் கேட்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

தேவையானவை

முதலாவது, சுரங்களை எழுதும் மென்பொருள். சிபேலியஸ், டோரிகோ ஆகியவை புகழ்பெற்றவை. மியூஸ்கோர் விலையின்றிக் கிடைப்பதால் மாணவியருக்கு ஏற்றது.

இரண்டாவது, ஒலித்தொகுப்பு. தேர்ந்த கலைஞர்கள் மெல்லவும் உரக்கவும், இழைத்தும் துண்டித்தும் வாசித்த சுரங்களைத் தனித்தனியே பதிவு செய்து வைத்த களஞ்சியம் இது. நாம் எழுதும் குறிக்குப் பொருந்தும் பதிவைக் கணினி தேடி எடுத்து ஒலிக்கிறது. 2022 டிசம்பரில் மியூஸ்கோர் 4 வெளிவந்தபோது 'மியூஸ் சவுண்ட்ஸ்' என்ற இலவசத் தொகுப்பும் உடன் வந்தது.

அமைக்கும் முறை

1. முதலில் மியூஸ்கோரை நிறுவுக. பின்னர் 'மியூஸ் ஹப்' வழியாக ஒலிகளை இறக்குக. முழுத் தொகுப்பு பல ஜிகாபைட் அளவுடையது. ஆதலால் தேவையான வாத்தியங்களை மட்டும் தேர்ந்து கொள்ளலாம்.

2. புதிய ஏட்டைத் திறந்து வாத்தியங்களைச் சேர்க்க. முதல் முயற்சிக்கு இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ போதும்.

3. மிக்சரைத் திறந்து, ஒவ்வொரு வாத்தியத்திற்கும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலி அமைந்துள்ளதா எனப் பார்க்க. பழைய அடிப்படை ஒலியே இருந்தால் அங்கேயே மாற்றலாம்.

4. மென்மை, உரப்பு, இழைப்பு ஆகிய குறிகளைத் தவறாமல் இடுக. குறியில்லா ஏடு உயிரின்றி ஒலிக்கும். 'பிட்சிகாட்டோ' என்ற குறியை இட்டால் வில்லை விட்டு விரலால் மீட்டும் ஒலி கேட்கும்.

5. கோப்பை மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் சேமிக்க. 1988-இல் தோன்றிய ஃபினாலே என்ற மென்பொருளை மேம்படுத்துவது 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. பொது வடிவில் சேமித்த பாடலைப் பிற மென்பொருள்களிலும் திறக்கலாம்.

கவனிக்க வேண்டியது

வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி, நடு ஸி-க்குக் கீழுள்ள ஜி. அதற்கும் கீழே எழுதினால் மியூஸ்கோர் அச்சுரத்தைச் சிவப்பாகக் காட்டி எச்சரிக்கும். ஆனால் புல்லாங்குழலுக்கு இருபது தாள அளவு இடைவிடாது எழுதினால் எந்த எச்சரிக்கையும் வராது. கணினி மூச்சு வாங்காமல் வாசித்து முடித்துவிடும். மனிதருக்கோ மூச்சு வேண்டும். வயலின் வாசிப்பவர் வில்லைத் திருப்ப வேண்டும். தாளைப் புரட்டவும் நேரம் வேண்டும். செவிக்கு இனிமையாகக் கேட்டது என்பதற்காக எழுதியது சரியென்று எண்ணிவிடலாகாது.

இதற்கு எளிய சோதனை உண்டு. குழலுக்கு எழுதியதை நாமே வாய்விட்டுப் பாட வேண்டும். மூச்சு முட்டுமிடத்தில் ஓர் ஓய்வுக் குறி இட வேண்டும். பின்னர் அந்தந்த வாத்தியத்தின் பகுதியை அச்சிட்டு, அதை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக் கொள்ள வேண்டும்.

தோழியரே, கணினி சலிப்பில்லாத ஒத்திகைத் துணை. அதன் துணையால் நன்கு பழகுவோம். ஆனால் நாம் எழுதும் ஒவ்வொரு வரியும், இறைவன் தந்த மூச்சோடு பாடும் ஒருவருக்காகவே என்பதை மறவாதிருப்போம். கீதோ கோடுகளில் சுரம் எழுதியதும் அத்தகையோருக்காகவே அன்றோ!