வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஒரு முகாம்

வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்துக்கு நீங்கள் சென்றிருக்கலாம். அந்தச் சாலையில்தான் 1943ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பெண்களுக்கான ராணுவப் பயிற்சி முகாம் ஒன்று திறக்கப்பட்டது. அங்குப் பயிற்சி பெற்றவர்கள் ஜான்சி ராணிப் படையினர்.

அப்போது சிங்கப்பூர் ஜப்பானியரின் பிடியில் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் இங்கு வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய விடுதலைக்காகப் போராட இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். பாடாங் திடலில் திரண்டிருந்த மக்களிடம், பெண்களும் படையில் சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சென்னையிலிருந்து வந்து இங்கு மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன் சில நாள்களிலேயே சுமார் 20 பெண்களைத் திரட்டினார். அவர்கள் துப்பாக்கி ஏந்தி, போசுக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினர். பின்னர் லட்சுமியே அப்படைக்குத் தலைவியானார்.

படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவைக் கண்ணால் கண்டதுமில்லை. கட்டளைகளோ இந்துஸ்தானி மொழியில்! பிறகு ஏன் சேர்ந்தார்கள்? நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. போரினால் தோட்டங்களில் வேலையும் அரிசியும் குறைந்துபோயின. ஆண்கள் பலர் சயாம் ரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. தோட்டத்துத் துரையின்முன் தலைகுனிந்து நின்ற குடும்பத்துப் பெண், முகாமில் சீருடை அணிந்து நிமிர்ந்து நடந்தாள்.

ஆனால், 1942இல் சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொன்றதும் அதே ஜப்பானிய ராணுவம்தான். அதன் துணையோடு விடுதலையைத் தேடியது சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

1944இல் இம்பாலில் இந்திய தேசிய ராணுவம் தோற்றுப் பின்வாங்கியது. மறுஆண்டு ராணிப் படையினரும் ரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கிப் பல நாள் நடந்தே சென்றனர். போர்க்களத்தில் சாதிக்க முடியாததை அந்த ராணுவம் நீதிமன்றத்தில் சாதித்தது எனலாம். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அதன் அதிகாரிகள் மூவர்மீது விசாரணை தொடங்கியதும் இந்தியாவே கொந்தளித்தது. மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பான பிறகும் பிரிட்டிஷ் அரசு அவர்களை விடுவிக்க நேர்ந்தது.

மலாயாவிலும் அதன் தாக்கம் தெரிந்தது. போசின் பேச்சைக் கேட்டுத் தம் தங்கக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து, ராணிப் படையில் அதிகாரியாக உயர்ந்தவர் ஜானகி தேவர். 1946இல் மலாயா இந்தியக் காங்கிரஸ் கட்சி உருவானபோது, அதைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் அவர் மலேசிய நாடாளுமன்ற மேலவையிலும் இடம்பெற்றார்.