அடிப்பக்கத்துப் போல்ட்

மைத்துனருக்கு இட்லி வியாபாரம். லேபர் கேம்ப் வீட்டில் இரவு இரண்டு மணிக்கே அடுப்பு எரியும். ஐந்து மணிக்குப் பாத்திரங்களைப் பழைய ஹீரோ ஹோண்டா சி.டி.100-இல் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வண்டியைத்தான் ஒரு ஞாயிறு மாலை நான் கெடுத்துவைத்தேன்.

அந்த மாடலில் கால் வைக்கும் கம்பி, எஞ்சினின் அடியில், அலுமினிய உடலிலேயே நான்கு 8 மி.மீ. போல்ட்டுகளால் பூட்டியிருக்கும். வேகத்தடையில் இடித்து வளைந்த கம்பியை நிமிர்த்தலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். சந்தில் படுத்துப் பார்க்க இடமில்லை. பக்கத்தில் குந்தி, மேலிருந்தபடியே கையை அடியில் விட்டு முறுக்கினேன். அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தேன். 'டக்' என்று தலை கையோடு வந்துவிட்டது.

துவாரத்தின் மரை கெட்டால் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். காலையில் இட்லி யார் கொண்டுபோவது? மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

தெருமுனையில் வயதான மெக்கானிக் ஒருவர், திருநெல்வேலிக்காரர். வந்தவர் கருவியைத் தொடவில்லை. "எப்படி ஒடிஞ்சுது தம்பி? கழத்தும்போதா, முறுக்கும்போதா?" என்றார்.

"கழற்றத்தான் அண்ணாச்சி."

"எந்தப் பக்கம் திருப்புனே?"

காட்டினேன். சிரித்துவிட்டார்.

வாசகர்கள் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மேலிருந்து பார்த்தபடி மூடியைத் திறந்து பாருங்கள். கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் திறக்கும். தலை கீழ்நோக்கிய போல்ட்டும் அப்படித்தான். நான் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறேன்!

அதில் ஒரு நன்மையும் இருந்தது. துருப்பிடித்துக் கழற்றும்போது ஒடிந்த போல்ட், மரையோடு ஒட்டிக் கிடக்கும். இறுக்கி ஒடிந்ததோ, தலை போனதும் இழுவிசை போய் உள்ளே தளர்ந்தே நிற்கும். அண்ணாச்சி பாட்டரியையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றி வைத்து, வண்டியைப் பலகைமேல் சாய்த்தார். துவாரம் கீழே பார்த்தால் எண்ணெய் ஊற்றினாலும் நிற்காதல்லவா! சொட்டு விட்டுக் கால் மணி நேரம் பொறுத்து, கூரான பஞ்சை ஒடிந்த துண்டின் விளிம்பில் வைத்து, சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டித் திருப்பினார். அரைச் சுற்று வந்தது. பிறகு விரலாலேயே எடுத்தார்.

துருப்பிடித்திருந்தால்? எண்ணெயில் ஒரு இரவு ஊற வேண்டும். பெட்ரோல் வாடையே இல்லாத இடத்தில் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கலாம்; அது இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். அதற்கும் அசையாவிட்டால் நடுவில் சரியாகப் புள்ளி குத்தி, சிறிய டிரில்லால் துளைத்து, 'ஈஸி அவுட்' போட்டுத் திருப்ப வேண்டும். அதை மட்டும் வேகமாக முறுக்காதீர்கள். கடினப்படுத்திய எஃகு அது. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. ஒடிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வதே சுலபம்.

மீதி மூன்று போல்ட்டுகளையும் என்னையே கழற்றச் சொன்னார், தரையில் படுத்துப் பார்த்தபடி. நான்கும் புதிதாக வாங்கி, கிரீஸ் தடவி, முதலில் கையால் மட்டும் ஏற்றி, பிறகு ஸ்பேனர் வைத்தோம். பைப்பை அவர் தம் கடைக்கே எடுத்துப்போய்விட்டார்.