ஊருக்குத் தெரிந்தது கோர்ட்டுக்குத் தெரியாது

சிலமலையில் எங்கள் அப்பா கிரயம் வாங்கிய காடு யாருடையது என்று கேட்டால் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இலவ மரமும் மாமரமும் நிற்கிற அந்த மானாவாரிக் காட்டை உழுதது யார், வெள்ளாமையை வீடு சேர்த்தது யார் என்பதில் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. ஆனால் யு.டி.ஆர். பட்டாவில் அந்த சர்வே நம்பர் பெரியப்பா பெயரில் ஏறியிருந்தது. அண்ணன் தம்பி இருவரும் இருந்தவரை அது ஒரு பேச்சாகவே வரவில்லை. அவர்கள் காலத்துக்குப் பிறகு பெரியப்பா மகன்கள் அந்தப் பட்டாவைக் காட்டி விலை பேசத் தொடங்கியதும், போடி கோர்ட்டுக்குப் போனோம். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

ஊர் அறிந்த உண்மை நமக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நீதிபதி முன்னால் அது வெறும் பேச்சு. அதைக் காகிதமாகவும் சாட்சியமாகவும் ஆக்கிக் கொடுப்பது நம் பொறுப்பு. எங்களைப் போல வழக்கு வாசலில் நிற்கும் குடும்பங்களுக்காக, அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் காகிதம், பிறகு வக்கீல்

தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். பணியில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது பல ஊர்களில் பெயர் மாறி ஏறியது உண்டு. அதனால் பட்டாவில் பெயர் இல்லையே என்று ஒடிந்துபோக வேண்டாம். பெயர் இருக்கிறதே என்று மெத்தனமாகவும் இருக்க வேண்டாம். பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமை தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உரிமைக்கு அடிப்படை மூலப் பத்திரம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வில்லங்கச் சான்றை இணையத்தில் கிடைக்கும் ஆண்டுகளோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய காலத்துக்கும் மனுப் போட்டு எடுங்கள். தாலுகா அலுவலகத்தில் ஏ-பதிவேடு, அடங்கல், புலப்படம். வீட்டில் தகரப் பெட்டியில் கிடக்கும் கிஸ்தி ரசீதுகளையும் வெளியே எடுங்கள்; ஆண்டு வாரியாக அடுக்கினால் அனுபவத்தைக் காட்ட அவை பெரிய பலம். பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே நம்பர், பட்டாவில் இருப்பது புது உட்பிரிவு என்றால், இரண்டும் ஒரே நிலம்தான் என்று காட்டும் பதிவும் வேண்டும். இந்த இணைப்பு இல்லாமல் தோற்கும் வழக்குகள் உண்டு.

என்ன கேட்கிறோம் என்பதில் கவனம்

‘அவர்கள் காட்டுக்குள் வரக்கூடாது’ என்று தடை மட்டும் கேட்டு வழக்குப் போடுவது பலரின் வழக்கம். எதிராளி நம் உரிமையையே வலுவாக மறுக்கும்போது அது போதாது. உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2008இல் அனந்துலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது.

காலக்கெடுவையும் மறக்கக் கூடாது. விளம்புகை கேட்க, உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டு. நிலம் கைவிட்டுப் போயிருந்தால், உரிமையின் பேரில் சுவாதீனம் கேட்கப் பன்னிரண்டு ஆண்டு. ‘தை பிறக்கட்டும், பேசிப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் இங்கேதான் சிக்குகின்றன. பேசுங்கள், ஆனால் தேதியைப் பார்த்துக்கொண்டே பேசுங்கள்.

பிராதைத் தாக்கல் செய்யும் முன் வக்கீலிடம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் கேளுங்கள். பிராதில் இல்லாத சங்கதியைப் பிறகு சாட்சிக் கூண்டில் சொல்லிப் பயனில்லை.

கட்டிக்கொடுத்த பெண்களை விடாதீர்கள்

எங்கள் வழக்கில் அக்காவும் வாதி. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்தால், 1956 சட்டப்படியே மகளுக்கு மகனோடு சமபங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்று 2005 திருத்தம் சொல்ல, அந்தத் திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா தீர்ப்பு உறுதிசெய்தது. பங்குதாரரை விட்டுவிட்டுப் போடும் பாகப்பிரிவினை வழக்கு அந்த ஒரு குறையாலேயே நிற்காமல் போகலாம்.

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் ஏலத் தோட்டமும் இந்தப் பக்கம் காடும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் நிறைய. பாகம் கேட்கும்போது, சொத்தின் ஒரு பகுதி எந்தக் கோர்ட் எல்லைக்குள் இருக்கிறதோ, அங்கேயே இரண்டுக்கும் சேர்த்து வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. தோட்டத்தின் மலையாளக் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பு தயாராக இருக்கட்டும்.

பெரியவர்கள் இருக்கும்போதே சாட்சியம்

எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் நடக்க முடியாத வயதில் இருந்தார். முதியவர், நோயாளி என்றால் கோர்ட் கமிஷனர் வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்யலாம். அதற்கு மனுப் போட்டோம். திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் அவர், எதிரே இரண்டு தரப்பு வக்கீல்கள்.

“வடக்கு மால் யாருதுங்க பெரியவரே?”

“வடக்கே யாரு காடும் இல்லைங்கய்யா. ஓடைதான். ஓடைக்கரையில ரெண்டு புளிய மரம். ஒண்ணு இடி விழுந்து பட்டுப்போச்சு.”

அப்பாவின் கிரயப் பத்திரத்தில் வடக்கு எல்லையாக எழுதியிருந்ததும் அந்த ஓடைதான். பத்திரமும் ஆளும் ஒரே சொல்லைச் சொன்ன அந்த இடத்தில் வழக்கு திரும்பியது. சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நிலத்தில் நின்ற ஆளுக்கு நிலமே சொல்லிக்கொடுத்திருக்கும்.

நிலத்தைப் பார்வையிடவும் கமிஷனரைக் கேட்கலாம். அவர் சர்வேயரோடு வந்து வரப்பு, வேலி, மரம், கிணறு இவற்றைக் குறிப்பார். யார் அனுபவத்தில் இருக்கிறது என்று தீர்மானிப்பது அவர் வேலையல்ல. அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

வாய்தாவைத் தவற விடாதீர்கள்

விடிகாலை ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போனால்தான் கூலி என்று இருப்பவர்களுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் சம்பளம். வழக்கின் சி.என்.ஆர். எண்ணை வாங்கி ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி கைபேசியிலேயே தெரியும். நாம் தேவைப்படும் நாளில் மட்டும் நேரில் போனால் போதும். ஆனால் நம் தரப்பில் யாருமே ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்க முப்பது நாள்தான். பெண்களுக்கும் பட்டியல், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் குழு இலவச வக்கீல் தரும். தயங்காமல் கேளுங்கள்.

வழக்கு நடக்கும்போது எதிராளி நிலத்தை விற்றாலும், வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆகவே வரப்பில் அரிவாளோடு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே விழும் ஒரு அடி, நல்ல சிவில் வழக்கைக் கிரிமினல் வழக்காக்கிவிடும்.

சமரசக் கதவு எப்போதும் திறந்திருக்கட்டும்

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் அது டிகிரிக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தனியாகப் பேசி முடித்தாலும் கட்டணம் திரும்பும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கையில் காகிதம் பலமாக இருப்பவர்தான் கௌரவமாகச் சமரசம் பேச முடியும். அதனால் சமரசத்துக்குப் போகிறவருக்கும் மேலே சொன்ன அத்தனையும் வேண்டும்.

அப்பாவும் பெரியப்பாவும் உயிரோடு இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வாரமே உங்கள் பட்டாவையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால், இருவரையும் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துப் போய்த் திருத்த மனுக் கொடுங்கள். வாய்ப்பேச்சாகப் பிரித்த பாகத்தைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில் சாப்பிடும் காலத்தில் அது ஒரு நாள் வேலை. பிள்ளைகள் தலையில் விழுந்தால் அது வருஷக்கணக்கான வழக்கு.